செருப்பில் பிறந்த ழ

குருநகர்க் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கப் போன அச்சகத்தில், எழுத்துக் கோக்கும் பெண் வெறுங்காலோடு நின்றாள். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் கொழும்பிலிருந்து புது அச்செழுத்து எதுவும் வரவில்லை. தலைப்புக்கு வேண்டிய பெரிய ‘ழ’ உடைந்து கிடந்தது.

“அண்ணை, உங்கடை செருப்பில ஒண்டைத் தாங்கோ. என்ரை சோடி போன மாதமே எழுத்தாப் போச்சுது.”

ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த இறப்பரில் ழவை இடம்வலம் மாற்றிக் கீறி, பிளேட்டால் வெட்டிப் பலகைத் துண்டில் ஒட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் மேசை லாச்சியிலிருந்த முகக்கண்ணாடியை எடுத்து, குழந்தைக்குக் காட்டுவதுபோல் எழுத்துக்குக் காட்டினாள். முதல் தாளில் ழவின் வயிறு அடைத்துக் கறுப்பாக விழுந்தது. உள்ளே கொஞ்சம் சுரண்டி மறுபடி அடித்தாள்.

“இப்ப மூச்சு விடுது, பாருங்கோ!” என்று கைதட்டினாள். நானும் தட்டினேன்.

மாலையில் கோயில் மதிலில் நோட்டீஸைப் பார்த்த பங்குச் சுவாமியார், “எல்லா எழுத்திலும் உந்த ழ தான் நல்ல வடிவு” என்றார். வெறுங்காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “ஓம் சுவாமி” என்றேன்.

அடுத்த நாள் மற்றச் செருப்பையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.