உம் கொட்டாத வட்டம்

பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அண்ணி மணலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா இது, யாரு செத்துட்டாங்க?" என்று என் காதோரம் கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. செய்யூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால் அது சாவு வீடுதான். இதுவோ மாமல்லபுரத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பு முடிந்து கடல் தொடங்கும் இடம். நடுவில் குத்துவிளக்கு, சுற்றிலும் சாமந்தி இதழ்கள். மனப்பாரத்தை இறக்கி வைக்கும் பெண்கள் வட்டம் என்று ஆபீஸ் தோழி சொல்லியிருந்தாள். அழுவதற்கு ஒரு சடங்கா என்று முகம் சுளித்தவள்தான் நான். ஆனால் அண்ணியை வேறு எங்கே கூட்டிப்போவதென்று தெரியவில்லை.

அவளுடைய பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. பச்சைக் குழந்தைக்கு ஒப்பாரி வைக்கக் கூடாதென்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. அண்ணன்தான் துணியில் சுற்றித் தூக்கிப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். "மறந்துடு, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்புறம் கூடுவாஞ்சேரி வீட்டில் அண்ணி பேசியதெல்லாம் பால் பொங்குது, கேஸ் தீந்துபோச்சு, அவ்வளவுதான். தெருவே சிரிக்கும்படி வாயாடியவள். இப்படியே ஊமையாகிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

வட்டத்தை நடத்திய வெள்ளைப் புடவை அம்மா ஒரு சங்கை எடுத்துக் காட்டினார். "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசலாம். மத்தவங்க சத்தமே காட்டக் கூடாது. ஆறுதல்கூடச் சொல்ல வேண்டாம்."

சங்கு மெல்ல நகர்ந்து வந்தது. வெயில் தோப்புக்குப் பின்னால் இறங்க, கடல் பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. யாரோ பேசினார்கள், யாரோ விசும்பினார்கள். பாதி எனக்குக் கேட்கவே இல்லை. விளக்குச் சுடர் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

சங்கு அண்ணியிடம் வந்தது. மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனுக்கு ஒரு பொண்ணு பொறந்துது" என்றாள்.

சத்தமில்லை. அலை மட்டும் வந்து போயிற்று.

"நல்லா செவப்பா இருந்துது."

யாரும் அசையவில்லை. அண்ணி வட்டம் முழுக்க ஒருமுறை பார்த்தாள். "கேட்டுகினு கீறீங்களா, இல்லியா?" என்று கேட்டுவிட்டு, சங்கைக் கீழே வைக்கப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் எதிரே இருப்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும், கொழாயடிக் கதையானாலும் சரி. நல்ல சட்டம் போட்டார்கள் என்று எரிச்சல் பொங்க, "உம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

வெள்ளைப் புடவை அம்மா கண் திறந்து பார்த்தார். பார்க்கட்டும்.

அண்ணியின் கை நின்றது. "தல நெறைய முடி" என்றாள். எதிரே, பக்கத்து நெம்மேலியிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி "உம்" என்றாள். "நகம்கூட வளந்துகீது." இப்போது நாலைந்து பேர். அந்த அம்மாவும் கடைசியாக, கூச்சத்தோடு ஒரு "உம்" போட்டார். அலையும் உம்மும் மாறி மாறி வந்ததில் எந்தச் சத்தம் எதென்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். சாவு வீடேதான். அந்தக் குழந்தைக்கு ஒருவழியாக ஒரு சாவு வீடு கிடைத்தது.

வீடு திரும்பும்போது செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்கு எனக்குக் கண் சொக்கியது. அண்ணி முழங்கையால் இடித்தாள்.

"தூங்கிட்டியா? ஒண்ணு சொல்லல நானு. மூக்கு அப்படியே உங்க அண்ணன் மூக்கு."

அதுவரை எங்களுக்கு அந்த முகம் எப்படி என்றே தெரியாது. கேட்டதே இல்லை.

"தூக்கினு போனது அவருதானே" என்றாள், வெளியே பார்த்தபடி. "அவரும் பாத்திருப்பாரு இல்ல?"

"உம்" என்றேன்.