கடைசிப் பக்கத்தை அவள் படித்துவிட்டாள்

ஜெர்மனில் எனக்கு ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியும். வாடகைக்கு வீடு கேட்கத் தெரியும். தலைவலி என்று டாக்டரிடம் சொல்லத் தெரியும். இடைநிலைத் தேர்வில்கூடப் பாஸ் செய்துவிட்டேன். ஆனால் ஏழு பக்கச் சிறுகதை ஒன்றைக் கையில் எடுத்ததும் சுத்தத் தற்குறி ஆகிவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, வாக்கியம் மட்டும் புரிய மாட்டேன் என்கிறது. எரிச்சலென்றால் அப்படியொரு எரிச்சல்.

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். கதையில் சந்தேகம் கேட்டால் டீச்சர், "அது எக்ஸாம்ல வராதும்மா" என்று முடித்துவிட்டார். நான் எங்கும் போகப்போவதில்லை. ஒரே ஒரு கதையை, யார் தயவும் இல்லாமல், நானே படித்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது படிப்பேன். ஒரு மாதமாக இதே பிழைப்பு. கதையில் மேல்வீட்டில் தம்பி, கீழ்வீட்டில் அண்ணன். அப்பா விட்டுப்போன கடைச் சாவி யாருக்கு என்று சண்டை, வருஷக்கணக்காகப் பேச்சில்லை. ஒருநாள் அண்ணன் சாவியோடு படியேறிப் போய்த் தம்பி கதவுக்கு முன்னால் நிற்கிறான். தட்டுவானா, மாட்டானா? மிச்சம் ஒரு பக்கம்.

பக்கத்து சீட்டுக்காரி என்னோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவள். வீட்டில் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். எதற்கும் அவள் வகுப்புக்குப் போனதில்லை. அந்தப் பக்கத்தையே நான் முறைத்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது.

"என்னாத்துக்குடி இப்டி மண்டைய ஒடச்சிக்கிற? இங்க குடு."

நான் சுதாரிப்பதற்குள் போனில் படம் எடுத்துவிட்டாள். போன் அதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொட்டியது.

"தட்டலையாம்டி. சாவிய வாசப்படில வச்சிட்டு எறங்கிப் போயிட்டானாம். இதுக்கா ஒரு மாசம்?"

"அடிப்பாவி! உன்ன யாருடி கேட்டா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "நல்லதுக்கே காலமில்ல போ" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பும்போது புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பக்கம் தெளிவாகப் புரிந்தது. ஒரு சொல்லுக்குக்கூட அகராதி வேண்டியிருக்கவில்லை. நானே படித்துப் புரிந்துகொண்டேனா, அவள் சொன்னதைத்தான் அதில் பார்த்தேனா? எனக்கே தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.