கடைசி இரண்டு கிலோமீட்டர்

மட்டாஞ்சேரியில் அந்த மிளகு வியாபாரி எல்லோருக்கும் அண்ணாச்சி. யானை உடம்பு, தீப்பெட்டி மாதிரி ஒரு மின்சாரக் கார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எண்பது கிலோமீட்டர்தான் ஓடும். அதே கார் ஒன்றை வாங்கலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, இது போதுமா?”

“வீடு பாலம் தாண்டி தேவராவுல, கடை இங்க. நான் என்ன காஷ்மீருக்கா போறேன்? ஏறு தம்பி, காட்டுதேன்.”

ஏறினேன். திரையில் இரண்டு கிலோமீட்டர்தான் மிச்சம். பிளக்கோ அவருடைய மிளகுக் கிடங்குச் சுவரிலேயே இருந்தது.

“சார்ஜ் போட்டுட்டுப் போகலாமே?”

“பழைய மூட்டை தீராம புது மூட்டை பிரிக்கிற வழக்கம் நமக்கு இல்ல.”

ஏசியை அணைத்துவிட்டு, பழைய யூதத் தெருவான ஜூ டவுனைச் சுற்றினார். எண் ஒன்றானது, பிறகு பூஜ்யம். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, காரும் குலுங்கியது, நானும் சிரித்துவிட்டேன். கிடங்குக்கு இருபதடி முன்னால் கார் நின்றது. சுமை தூக்கும் சேட்டன்மார் கூப்பிடாமலே ஓடிவந்தார்கள்.

“இன்னைக்கும் தீர்ந்நோ, அண்ணாச்சி?”

நானும் இறங்கித் தள்ளினேன். அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“பாத்தியா? போதும்லா?”

“போதும் அண்ணாச்சி” என்றேன், மூச்சு வாங்க. அடுத்த வாரமே வாங்கியும்விட்டேன். காரைத் தள்ளிக்கொண்டே எதைக் கண்டு அப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.