மழைக்கு முன் ஒரு தேர்வு

இருப்பது கொஞ்சம், கேட்பவர் பலர் என்னும்போது எதை எவருக்கு முதலில் ஒதுக்குவது என்பதை இணையவழியில் கற்பிப்பது என் தொழில். திரைமுன் அமர்ந்து, "நான் பேசுவது கேட்கிறதா?" என்று நாள்தோறும் வினவும் என் இனத்தாரே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

அடங்காத கைப்பேசி

நெரவியில் அறுவடை வண்டிகளை வாடகைக்கு விடும் காதர் பாயின் அலுவலகத்தில் தொலைபேசி அழைப்புகளை ஏற்பவர் என் மாணவி செல்வி. என் தேர்வில் தேறினால் வண்டிகளை அனுப்பும் பொறுப்பு அவருக்கு. தவறினால் வெளியூர் ஆள் வருவார் என்று பாய் சொல்லியிருந்தார். முதல் வகுப்பிலேயே ஒரு விவசாயி அவரை அதட்டுவதை எல்லோரும் கேட்டோம். கைப்பேசியை அணைக்கச் சொன்னேன்.

"அறுப்பு நேரத்துல போனை அமத்தினா வாசலுக்கே வந்துருவாங்க டீச்சர்."

முதல் வண்டி யாருக்கு?

பயிற்சிக்கு அவருடைய தொழிலையே கொடுத்தேன். பாயிடம் இருப்பவை டயர் வண்டிகள்; வயல் ஈரமானால் புதைந்துவிடும். ஆகவே மழைக்கு முன் நீர் தேங்கும் பள்ளவயல், பிறகு மேட்டுவயல். செல்வியோ மேட்டுவயலை முதலில் எழுதியிருந்தார். காரணம் கேட்டேன்.

"மேட்டுவயல்காரருதான் சத்தமா கேட்டாரு. மத்தவங்க யாரு காதுல விழுறாங்க?"

எழுந்தால் முடிந்தது

தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில். கைப்பேசி கூடாது, கேமராவை விட்டு எழுபவரை நீக்கும் பொத்தான் என் கையில். பாதித் தேர்வில் செல்விக்குப் பின்னால் சன்னலில் வானம் இருண்டது. வாசலில் வந்து நின்ற ஓட்டுநர், சுரக்குடி மேட்டுவயல்காரர் விடாமல் அழைப்பதாகவும் அங்கேயே போய்விடுவதாகவும் சொன்னது எனக்கும் கேட்டது. மற்ற வண்டிகள் தொலைவில். பாய் ஜும்ஆ தொழுகையில். நெரவிப் பள்ளவயல் அறுபடாமல் நின்றது. வெளியே வண்டியின் இயந்திரம் உறுமியது. செல்வி கேமராவைப் பார்த்தார். அமருங்கள் என்றேன். நாற்காலி வெறுமையாயிற்று. பொத்தானை அழுத்தினேன்.

மாலையில் மழை கொட்டுமுன் பள்ளவயல் நெல் களம் சேர்ந்துவிட்டது. மறுநாள் செல்வியே அழைத்தார். மறுதேர்வுவரை வண்டிகள் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று பாய் சொல்லிவிட்டாராம்.

"நீங்க அமுக்கினதும் சரி, நான் எந்திரிச்சதும் சரி டீச்சர். அடுத்த பரீட்சையை மட்டும் அறுப்பு முடிஞ்சு வையுங்க."

தேர்வில் தவறியவர் வண்டிகளை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கிறார். முறையாகத் தேறிய நான் அந்த மறுதேர்வுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாமல் இன்னும் திண்டாடுகிறேன்.