அம்மாவின் அறையில் காயவைத்த துப்பாக்கி

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அண்ணை வீட்டு மாடி அறையில், திரைச்சீலைக் கம்பியில் பச்சை வண்ணம் பூசிய துப்பாக்கி ஒன்று தொங்கியது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கீழே ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் பெயின்ற் மணம்.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டைச் சோதனையிட வந்த இராணுவம் தம்பியைக் கொண்டுபோனது. அவன் திரும்பி வரவில்லை. லண்டனிலிருந்த அண்ணைக்கு அதற்குப் பிறகு நித்திரையே இல்லை. வேலைத்தலத்து நண்பர் ஒருவர் அவரைத் துப்பாக்கிச் சுடும் கழகம் ஒன்றுக்கு அழைத்துப்போனார். கடதாசி வட்டங்களைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டு. "மூச்சைப் பிடிச்சு நிக்கிற அந்த நேரம் மட்டுந்தான் தலைக்குள்ளை சத்தமில்லை, தங்கச்சி" என்றார். பொலிஸ் அனுமதி பெற்று ஒரு பழைய துப்பாக்கியை வாங்கி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

மழையில் நனைந்து அதன் குழல் துருப்பிடித்தபோது, தானே பூச்சுப் பூசத் தீர்மானித்தார். துருவைத் தேய்த்தெடுத்து, எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, பின்வளவில் வைத்து மெல்ல மெல்ல ஸ்பிரே அடித்தார். கடையில் கிடைத்தது மங்கிய பச்சை நிறம். பூச்சு நன்றாக இறுகுவதற்குச் சில நாட்கள் சூடான அறையில் இருக்க வேண்டுமாம். வீட்டில் மிகவும் சூடான அறை, ஊரிலிருந்து தன்னோடு இருக்க வரவிருந்த அம்மாவுக்காக அவர் ஒழுங்குபடுத்தியிருந்த அறைதான். துப்பாக்கியை அங்கே தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவைத்தார்.

அம்மா வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் கொழும்பில் திடீரென்று டிக்கெட் கிடைத்துவிட்டது. "நாளைக்கு வாறன்" என்று போன் வந்தது. அந்தப் பதற்றத்தில் அண்ணைக்கு எல்லாம் மறந்துபோனது. விமான நிலையத்திலிருந்து வந்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். "இதுதானம்மா உங்கடை அறை" என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார்.

அம்மா வாசலிலேயே முழங்காலில் இருந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். தம்பியைக் கொண்டுபோன அன்று அவரை அப்படித்தான் இருத்தி வைத்திருந்தார்கள்.

அன்று மாலையே அம்மா என்னோடு ஈஸ்ட் ஹாமிலிருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணை துப்பாக்கியை விற்றார். கழகத்துக்குப் போவதையும் விட்டார். ஞாயிறுதோறும் வந்து, "இப்ப ஒண்டுமில்லை அம்மா, வாங்கோ" என்பார். "வருவன் மோனை. இப்ப ஏலாது" என்று சொல்லி, அம்மா அவருக்குச் சோறு போடுவார். சில வருடங்கள் இப்படியே போயின. ஒரு குளிர்காலத்தில் அம்மா என் வீட்டிலேயே காலமானார்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு அண்ணை கேட்டார்: "அம்மா என்னைக் கண்டு பயந்தவவோ?"

"இல்லை அண்ணை" என்று அவசரமாகச் சொன்னேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வந்து கதவைத் தட்டினால், அம்மா என்னைத்தான் போய்த் திறக்கச் சொல்வார்.