கல்லில் பூசிய மருந்து

மலாவி ஏரிக்கரையில், வெளிநாட்டுக்கு அனுப்பும் வண்ணமீன்களைத் தொட்டிகளில் பராமரிக்கும் அசியாத்துவுக்கு மூக்குநுனியில் கோபம். தொட்டியிலிருந்த ஒரு நீலமீன் அதை இன்னும் கிளறிவிட்டது. வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிய, வெள்ளை நூலாகக் கழிந்துகொண்டிருந்தது. குடலில் பூச்சி. மருந்து கலந்த இரையைப் போட்டாலும் மூன்று நாளாகத் துப்பிக்கொண்டே இருந்தது.

"பொட்டை மீனு வாயிலதான முட்டைய அடைகாக்கும், தங்கச்சி, அதான் திங்கல" என்றான், அதை ஏரியில் முங்கிப் பிடித்துவந்த ம்போண்டா.

"புடிச்சவனே நீதான். ஆம்பள மீனுன்னு தெரியல?"

அவன் சிரித்தான். "ஏரியில இவனுக்கு யாரு ஊட்டிவிட்டா? பாறையில பாசியச் சுரண்டித் தின்ன பய."

அசியாத்து சட்டென்று எழுந்தாள். மருந்தைப் பாசியோடு அரைத்து, ஒரு கல்லில் அப்பி, நிழலில் காயவைத்துத் தொட்டிக்குள் இறக்கினாள். இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். மீன் வந்தது. கல்லை ஒரு தடவை சுரண்டியது. துப்பவில்லை. மறுபடியும் சுரண்டியது.

"அண்ணே, மூச்சு விடாத."

நாலாம் நாள் பூச்சி சுருண்டு வெளியே விழுந்தது. அடுத்த வாரம் வயிறு மேடேறியது. அன்று புது மருந்து பூசலாமென்று கல்லை எடுக்கக் கைவிட்டாள். மூலையிலிருந்து அம்புபோலப் பாய்ந்த மீன் விரலைக் கவ்வியது. கல் இப்போது அதன் சொத்து.

"ம்போண்டாண்ணே" என்று கரை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். "வந்து பாரு, இவனுக்கும் கோவம் வந்துருச்சு."