எருமை நக்கிய எர்த்து

ஆவடி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த மாமா ஒரு வால்வு ரேடியோ வாங்கிவந்தார். கூரைக்கு மேல் இரண்டு மூங்கில் நட்டு அவர் ஏரியல் கம்பி கட்டியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடா, மின்னலுக்கு நீயே ரோடு போட்டுக் குடுக்கறே?”

“ரோடு ஊட்டுக்கு இல்லக்கா, மண்ணுக்கு.”

கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவில் செம்புக்கம்பியை இறக்கினார். அதுதான் எர்த்து. ஜன்னலோரம் ஒரு சுவிட்ச். மேகம் கறுத்தால் அதைக் கீழே தள்ள வேண்டும். ஏரியலில் மின்னல் இறங்கினாலும் ரேடியோப் பக்கம் வராமல் மண்ணுக்குள் போய்விடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு.

குழியில் கொட்டிய உப்பெல்லாம் அம்மாவின் ஜாடியிலிருந்து எடுத்தது. “ஒரு இடி இந்தப் பக்கம் எட்டிப் பாக்கட்டும், அன்னிக்கே பொட்டியத் தூக்கிக் கடாசிடுவேன்” என்றாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார். பூந்தமல்லிப் பக்கம் வானம் கறுத்தது. ஓடிப்போய் சுவிட்சைத் தள்ளிவிட்டுப் பெருமையோடு கொல்லையை எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எருமை குழிமேல் நின்று, கண்ணை மூடி, உப்பு மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அதன் குளம்பு இழுத்துப்போட்ட செம்புக்கம்பி வெளியே கிடந்தது. பிற்பாடு பாலிடெக்னிக்கில் எர்த்திங் பாடம் வந்தது. எருமையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ரேடியோ போயிற்று என்று அழ ஆரம்பித்தேன். அம்மா வந்து பார்த்தாள்.

“அழுவறத நிறுத்து. மொதல்ல எருமைய ஓட்டு.”

நான் ஓட்டி முடிப்பதற்குள் கடப்பாரையோடு வந்து குழியைத் தோண்டினாள். கம்பியை இறக்கி, அடுப்புக் கரியைப் போட்டு, ஜாடியில் மிச்சமிருந்த உப்பையும் கவிழ்த்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மிதித்தாள். எருமை மறுபடி வாய் வைக்காதபடி உடைந்த அம்மியைப் புரட்டி மேலே போட்டாள். நாங்கள் உள்ளே நுழைந்த பிறகுதான் முதல் இடி இடித்தது. ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாலையில் நனைந்து வந்த மாமா ரேடியோவைப் போட்டுக் குமிழைத் திருகினார். வெறும் இரைச்சல். அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா சொன்னாள்:

“அவ்ளோ தூரம் போவாதடா. இடது பக்கம் ஒரு நூலு நவுத்து.”

பாட்டு வந்தது.

ரேடியோவைத் திட்ட மட்டுமே தெரிந்த அம்மாவுக்கு ஸ்டேஷன் இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு அன்று விளங்கவில்லை. நாங்கள் எல்லாரும் வெளியே போய்விட்ட பிறகு அந்த வீட்டில் பகல் எவ்வளவு நீளம் என்று நான் யோசித்ததே இல்லை.